பின்னட்டைக்கு மட்டும் ஒரு நட்சத்திரம்

"ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும். கண்டுபிடிச்சுட்டா போதும், மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றார் எழுத்தாளர்.

அவர் சொன்ன தோரணையைக் கேட்டு, கமா தன் நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கமா என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. முப்பது வருஷம் அச்சகங்களில் பிழை திருத்தியவர். மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா போடுகிறார் என்று அச்சுக்கோப்பவர்கள் வைத்த பெயர் அது. பிழைகளை அப்படியே விட்டுவிடுவதுதான் லாபம் என்று அச்சகங்கள் முடிவெடுத்த பிறகு, ஐம்பத்தாறாவது வயதில், டீச்சரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தார்.

டீச்சரும் இப்போது டீச்சர் இல்லை. இருபது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டவர். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிறவர்களை முதுகை வைத்தே பிடிக்கிறவர் என்று பேர். அந்தத் திறமையை வீணாக்குவானேன் என்று, தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். வருகிறவர்கள், தாங்கள்தான் நடுங்குவதாக நினைத்துக்கொண்டு உண்மையைக் கொட்டிவிடுவார்கள்.

"என்ன பண்ணினான் அந்த ஆளு?" என்று கேட்டார் டீச்சர்.

எழுத்தாளர் செல்போனை மேஜைமேல் வைத்தார். ஆன்லைன் புத்தகக் கடை ஒன்றில் அவருடைய புது நாவலின் பக்கம். அதற்குக் கீழே ஒரே ஒரு வாசகர் கருத்து. கமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'கதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது ஃபாரம் தலைகீழாக மடிக்கப்பட்டிருந்தது. ஒரு நட்சத்திரம் தருகிறேன், அது பின்னட்டைக்கு மட்டும்.' எழுதினவர் பேரு, பதினாறு." கமா நிமிர்ந்தார். "ஒண்ணாவது போட்டிருக்காங்களே சார். பூஜ்யம் போட அந்தக் கடையில வசதி இல்லை போலிருக்கு."

"கமா" என்றார் டீச்சர். அவர் கமா என்று மட்டும் சொன்னால், அது முற்றுப்புள்ளி. பிறகு எழுத்தாளர் பக்கம் திரும்பினார். "எத்தனை பிரதி அடிச்சாங்க?"

"ஐநூறு. பதினோரு நாள்ல எல்லாம் வித்துப்போச்சு!" எழுத்தாளரின் நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. "போன நாவல் ஐநூறு விக்க ஒன்பது வருஷம் ஆச்சு."

"மின்நூல்?"

நெஞ்சு பழைய அளவுக்குத் திரும்பியது. "ஏழு. அதுல நாலு, என் தங்கச்சி வீட்டுல."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "பாதி விலை, அஞ்சு நிமிஷத்துல கைக்கு வந்துடும். அதை ஏழு பேர்தான் வாங்கியிருக்காங்க. முழு விலை கொடுத்து, கடை தேடிப் போய், ஐநூறு பிரதி வாங்கியிருக்காங்க. ஆனா ஒருத்தர்கூட நல்லா இருக்குன்னு சொல்லலை, நல்லா இல்லைன்னும் சொல்லலை. உங்க கையில ஒரு பிரதி இருக்குமே, காட்டுங்க."

"பத்து கொடுத்தாங்க. ஒரு ரசிகர் வீடு தேடி வந்து, இரட்டை விலை கொடுத்துப் பத்தையும் வாங்கிட்டுப் போயிட்டார். கண்ணுல தண்ணி வந்துருச்சு டீச்சர்."

"அவருக்கா?" என்றார் கமா.

"எனக்கு."

டீச்சர் எழுத்தாளரின் செல்போனிலேயே மின்நூலைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். "முன்னட்டை இருக்கு. கதை இருக்கு. பின்னட்டை இல்லை. அதுல என்ன போட்டிருந்தாங்க?"

"என் படம்தான். கன்னத்துல கை வெச்சுக்கிட்டு யோசிக்கற மாதிரி. என் மனைவி செல்லுல எடுத்தா."

"உங்க முகத்தை ஊர்ல யாரும் பார்க்கக் கூடாதுன்னு ஒருத்தர் ஐநூறு பிரதி வாங்கியிருக்காரா?" என்றார் கமா. "பெரிய மனசு சார் அவருக்கு."

டீச்சர் சிரிக்கவில்லை. "அந்தப் படத்தை இப்பவே அனுப்பச் சொல்லுங்க."

எழுத்தாளர் மேஜையைப் பார்த்தார். "போன வாரம் அவகிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டேன். இந்த ஒரு நட்சத்திரம் போட்டது நீயான்னு. அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போனை எடுக்க மாட்டேங்கறா."

ஐந்து நிமிஷத்தில் மூவரும் படியிறங்கினார்கள். எழுத்தாளரை வர வேண்டாம் என்றுதான் டீச்சர் சொன்னார். ஆனால் ஒரு நட்சத்திரம் வாங்கிய மனிதரை எந்தப் பூட்டைப் போட்டு அடைப்பது?

நாவலை வாங்கி விற்ற கடைகள் மூன்று. பக்கத்தில் இருந்த கடைக்குள் நுழைந்ததும் பில் போடுகிற பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"அந்த புக்கா? ஷெல்ஃப்ல வெச்ச அன்னிக்கே காலி. ஒரே ஆள் நாப்பத்தஞ்சையும் எடுத்துட்டார்."

"படிக்கற ஆள் மாதிரி இருந்தாரா?"

"ஒண்ணைக்கூடப் பிரிக்கலை மேடம். எல்லாத்தையும் கவுத்துப் போட்டு எண்ணினார்." ஒரு புத்தகத்தை எடுத்து, பின்னட்டை மேலே வருகிற மாதிரி வைத்துக் காட்டினாள். "அப்புறம் முப்பத்தஞ்சு பர்சென்ட் கழிவு கேட்டார். படிக்கறவங்க பத்து கேப்பாங்க, கொடுக்கலைன்னா சண்டை போட்டுட்டு வாங்குவாங்க. முப்பத்தஞ்சு, கடைக்காரங்களுக்குக் கொடுக்கறது. இவருக்கு எப்படித் தெரியும்னு நினைச்சேன்."

"புத்தகம் விக்கறவர்தான் வாங்கியிருக்கார்" என்றார் டீச்சர் மெல்ல. "வாங்கி, விக்கலை."

திரும்பிப் பார்த்தால் எழுத்தாளரைக் காணோம். கடையின் கோடியில், தன்னுடைய பழைய நாவலைத் தேடிப் பிடித்து, வாசலுக்கு நேராக இருந்த அடுக்கில் செருகிக்கொண்டிருந்தார். கமா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினார்.

ஆட்டோ கிளம்பியதும் கமா அந்தக் கருத்தை மறுபடி படித்தார். உதடு அசையாமல் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "மூன்றாவது ஃபாரம்... ஃபாரம்..." திடீரென்று டிரைவரின் தோளைத் தட்டினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"என்ன ஆச்சு?" என்றார் டீச்சர்.

"கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு. டீச்சர், நாவல் படிக்கற யாராவது ஃபாரம்னு சொல்வாங்களா? பக்கம்னுதானே சொல்வாங்க? பெரிய காகிதத்துல மொத்தமாப் பதினாறு பக்கம் அடிச்சு, அதை மடிப்பாங்க. அந்த மடிப்புக்குத்தான் ஃபாரம்னு பேரு. அந்த வார்த்தை அச்சாபீஸ் வாசலைத் தாண்டாது. எழுதினவர் பேரைப் பாருங்க. பதினாறு!"

"நான் அதை வயசுன்னு நினைச்சேன்" என்றார் எழுத்தாளர் பரிதாபமாக.

டீச்சர் கமாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பாராட்டெல்லாம் அவர் வாயில் வராது. பார்வையில்தான் மார்க் போடுவார். "தலைகீழா மடிச்ச பிரதியை விக்க அனுப்ப மாட்டாங்க. ஒதுக்கி வெச்சிருப்பாங்க. அதனாலதான் அந்த ஆளால அதை வாங்க முடியலை. ஊர்ல மிச்சம் இருக்கற ஒரே பிரதி அது. சார், உங்க நாவலை எங்கே பைண்டிங் பண்ணினாங்க?"

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. உள்ளே போனதும் பசை வாசனை மூக்கில் ஏறி உட்கார்ந்தது. வெட்டி எறிந்த காகிதச் சுருள்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன. ஒரு பக்கம் கட்டிங் மெஷின், கதவகல பிளேடோடு. நடுவில் நீள மேஜை. இரண்டு பக்கமும் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து, மரச்சட்டத்தால் அழுத்தி அழுத்திக் காகிதம் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி எழுந்து வருவதற்குள் டீச்சர் வாசலில் நின்றபடியே, பரீட்சை ஹால் குரலில் கேட்டார்.

"பதினாறு யாரு?"

பதினொரு தலைகள் நிமிர்ந்தன. ஒரு தலை மட்டும் நிமிரவில்லை. அந்தக் கைகள் மடித்துக்கொண்டே இருந்தன, ஆனால் கொஞ்சம் வேகமாக.

டீச்சர் நேராக அங்கே போய் நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. டீச்சரைப் பார்க்காமல், பின்னால் நின்ற எழுத்தாளரைத்தான் பார்த்தார்.

"படத்துல கன்னம் கொஞ்சம் வீங்கி இருந்துச்சு" என்றார். "இப்ப பரவாயில்லை."

"நீங்கதானா?" எழுத்தாளருக்குக் குரல் கிறீச்சிட்டது. "ஒரு நட்சத்திரம் போட்டது நீங்கதானா? என் கதையில அப்படி என்னம்மா குறை?"

"கதையை நான் படிக்கலை சார். பத்தொன்பது நாளா உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். இவ்வளவு லேட்டாவா வருவீங்க?"

கமாவின் வாயில் தயாராக இருந்த ஜோக் அப்படியே நின்றுவிட்டது. துப்புத் துலக்கி இங்கே வந்துசேர்ந்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தங்களை யாரோ வரவழைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்க விலாசம் கேட்டுப் பதிப்பகத்துக்கு மூணு லெட்டர் போட்டேன். பதில் இல்லை" என்றார் அந்த அம்மா.

"கவிதைன்னு நினைச்சுப் பதிப்பாளர் பிரிச்சிருக்க மாட்டார்" என்றார் எழுத்தாளர்.

"நேர்ல போனேன். பூட்டியிருந்துச்சு. அப்புறம்தான் யோசிச்சேன். நல்லா இருக்குன்னு அஞ்சு நட்சத்திரம் போட்டா, எழுதினவர் சந்தோஷமாத் தூங்கிடுவார். ஒண்ணு போட்டா, எங்கே இருந்தாலும் தேடிக்கிட்டு வருவார்னு தோணுச்சு. வந்துட்டீங்க."

அவர் காகிதக் கட்டுக்குக் கீழே கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்தார். மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

பின்னட்டை முழுக்க எழுத்தாளரின் படம். ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை ஊன்றி, உலகத்தின் துயரத்தையெல்லாம் சுமக்கிற முகம். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் ஒரு வேன். வேனுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கேட். கேட்டை ஒருவர் திறந்து பிடித்திருந்தார். இன்னொருவர், வெள்ளைச் சட்டைக்காரர், ஒரு அட்டைப்பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். இருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது.

"கேட்டைப் பிடிச்சிருக்கறவர் என் வீட்டுக்காரர்" என்றார் அந்த அம்மா. "அது மூணுமாடிப் புத்தகக் கடையோட பின்கேட்டு. இவரு அங்கே வாட்ச்மேன். பெட்டி தூக்கறவர் முதலாளி."

மூணுமாடிக் கடை எரிந்துபோன கதை ஊருக்கே தெரியும். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, கடை பூட்டியிருந்த நேரத்தில் தீப்பிடித்து மூன்று மாடிச் சரக்கும் சாம்பல் என்றார்கள். காவலறையில் வாட்ச்மேன் டீ போட வைத்த ஸ்டவ்வை அணைக்கவில்லை என்று போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. இன்னும் உள்ளேதான் இருக்கிறார். முதலாளி சனிக்கிழமையிலிருந்தே வெளியூரில் இருந்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். இன்ஷூரன்ஸ் வந்துவிட்டது.

"அன்னிக்கு முதலாளியே வந்து, சரக்கையெல்லாம் வேன் வேனா ஏத்திட்டு, நீ போய்ச் சாப்பிட்டுட்டு வான்னு இவரை அனுப்பியிருக்கார். இவரு திரும்பி வந்தா நெருப்பு. இவரு சொன்னதை யாரும் நம்பலை. அஞ்சு வாரத்துக்கு முன்னால, இந்த அட்டைக்குப் பசை தடவறேன், திடீர்னு என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கறார்." பசை தடவுகிற மாதிரி மேஜைமேல் கையை ஒரு இழுப்பு இழுத்து, அப்படியே நிறுத்தினார். "ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போனேன். இது எந்த வருஷம் எடுத்த படமோ, தேதியைச் சொல்லுன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. தேதி உங்களுக்குத்தானே சார் தெரியும்?"

எழுத்தாளர் படத்தையே வெறித்தார். "இதை நான் நூறு தடவை பார்த்திருக்கேன். இவங்க யாரையும் பார்த்ததே இல்லையே!"

"உங்களைப் பார்த்திருப்பீங்க" என்றார் அந்த அம்மா. குத்தலாகச் சொல்லவில்லை. கோணலாக மடிந்த காகிதத்தை நேராக்குகிற மாதிரி சொன்னார்.

"தேதி?" என்றார் டீச்சர்.

எழுத்தாளர் தயங்கினார். "அது... யோசிக்கற போஸ் இல்லை டீச்சர். கடவாய்ப் பல்லு. ஞாயித்துக்கிழமைன்னு பார்க்காம டாக்டர் கிளினிக்கைத் திறந்தார். பிடுங்கறதுக்கு ஊசி போட்டு, வெளியே சுவர்ல உட்கார வெச்சிருந்தார். முகம் கம்பீரமா இருக்குன்னு இவ எடுத்துட்டா. எந்த ஞாயிறுன்னு அவ செல்லுலதான் இருக்கும்."

கமா தன் போனிலிருந்து எழுத்தாளரின் மனைவியை அழைத்தார். புது நம்பர் என்பதால் எடுத்துவிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஒரு நட்சத்திரம் போட்டது நீங்க இல்லைன்னு நிரூபிச்சாச்சு."

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. "அதை அவரைச் சொல்லச் சொல்லுங்க."

எழுத்தாளர் போனை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆனால் இரண்டு தடவை தலையில் அடித்துக்கொண்டார். நாலாவது நிமிஷம் கமாவின் போனுக்குப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தீப்பிடித்த அதே தேதி, மத்தியானம் பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

டீச்சர் அதைப் படித்து முடிக்கவும் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

வேனிலிருந்து இறங்கியவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சிரித்த முகம். "மேஸ்திரி, ஒதுக்கின பிரதி ஏதாவது தங்கியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கருத்தை அவரும் படித்திருக்கிறார். அவருக்கும் ஃபாரம் என்றால் என்னவென்று தெரியும்.

எழுத்தாளரின் முகம் மலர்ந்தது. "டீச்சர், இவர்தான்! வீடு தேடி வந்து பத்து பிரதி வாங்கினாரே, என் ரசி..."

சொல் பாதியில் நின்றது. அவர் பின்னட்டையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கேலி செய்யத் தகுந்த முகம்தான் எழுத்தாளருடையது. ஆனாலும் அது அப்படி உதிர்ந்துபோனதைப் பார்க்கக் கமாவுக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி எல்லாவற்றையும் ஒரு பார்வையில் அளந்துவிட்டார். அந்த அம்மாவிடம் கையை நீட்டினார். "புத்தகத்தைக் கொடும்மா. உன் வீட்டுக்காரருக்கு நானே ஜாமீன் எடுக்கறேன். வேலையும் போட்டுக் கொடுக்கறேன்."

"ஜாமீன் வேண்டாம். அன்னிக்கு நீங்க வந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"நான் ஊர்லயே இல்லையே."

கமா இருவருக்கும் நடுவில் வந்து புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "இது விக்கறதுக்கு இல்லை சார். முப்பத்தஞ்சு பர்சென்ட் கழிவெல்லாம் கட்டுப்படியாகாது."

பேச்சில் கெட்டிக்காரரான கமா, கையில் அவ்வளவு கெட்டி இல்லை. முதலாளி ஒரே பிடுங்கில் புத்தகத்தைப் பறித்தார். இரண்டே எட்டில் கட்டிங் மெஷினை அடைந்து, அதைப் பிளேடுக்கு அடியில் தள்ளி, பொத்தான்களை அழுத்தினார். டொக். புத்தகம் இரண்டானது. திருப்பி வைத்தார். டொக். டொக். மெஷின்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைப்பதற்குள் பின்னட்டை விரல் அகலக் கீற்றுகளாகிக் காகிதக் குவியலில் கலந்துவிட்டது.

பெண்களின் கையில் மரச்சட்டங்கள் பாதி மடிப்பில் நின்றன.

முதலாளி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "செல்போன்ல இருக்கற படத்தை யார் வேணா எப்படி வேணா மாத்தலாம். நேத்துதான் உருவாக்கினாங்கன்னு என் வக்கீல் சொல்வார். அச்சுல வந்தது இருந்தாத்தானே இல்லைன்னு சொல்ல முடியும்?"

கமா வெறுங்கையோடு நின்றார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அழவில்லை. விரலில் இருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எத்தனை வருஷமாப் புத்தகம் விக்கறீங்க சார்?" என்றார் அந்த அம்மா.

"முப்பது வருஷமா. ஏன்?"

"பைண்டிங் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பார்த்திருக்க மாட்டீங்க. ஐநூறு புத்தகத்துக்கு ஐநூறு அட்டை அடிக்க மாட்டாங்க. ஒட்டும்போது கிழியும், பசை கொட்டும், கோணலாப் போகும். அறுபது அதிகமாத்தான் அடிப்பாங்க. எங்களுக்கு வீணானது பன்னெண்டு."

மேஜையின் அந்தக் கோடியிலிருந்த பெண் முதலில் எழுந்தாள். தன் பசை வாளியைத் தூக்கினாள். அடியில் விரித்திருந்தது ஓர் அட்டை. அதிலிருந்து எழுத்தாளர் கன்னத்தில் கையோடு பார்த்தார். அடுத்தவள் ஸ்டூல் ஆடாமல் இருக்கக் காலுக்குக் கொடுத்திருந்த மடிப்பை உருவினாள். எழுத்தாளர். மேஸ்திரி தன் ஆர்டர் நோட்டைத் திருப்பினார், அதற்குப் போட்டிருந்த உறையிலும் எழுத்தாளர். கூரை ஒழுகுகிற இடத்தில் ஒட்டியிருந்ததும் அவரே. அந்த அம்மா குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து, கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டை எடுத்து மேலே வைத்தார். மடங்காத, பசை படாத முப்பது அட்டைகள்.

முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். மெஷின்காரர் அங்கே போய்க் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய தோள் அகலத்தில், வெளியே நின்ற வேனே தெரியவில்லை.

"எங்கே சார் போறீங்க?" என்றார் டீச்சர். "உட்காருங்க. போலீஸ் வரட்டும். அந்தச் சரக்கெல்லாம் எந்த கோடவுன்ல இருந்து, எந்தப் பேர்ல வித்துக்கிட்டிருக்கீங்கன்னு அதுக்குள்ள யோசிச்சு வைங்க. கேப்பாங்க."

சிரித்த முகம் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிப்பை மறந்தது.

அந்த அம்மா கட்டிலிருந்து ஓர் அட்டையை உருவி, எழுத்தாளர் முன்னால் வைத்து, பேனாவையும் நீட்டினார். "இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார்."

எழுத்தாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பேரு என்னன்னு போடட்டும்? அன்புடன்னு ஆரம்பிச்சு..."

"அன்பெல்லாம் வேண்டாம் சார். தேதி, நேரம், எந்த இடம், யார் எடுத்தது. அது போதும்."

எழுத்தாளர் எழுதினார். ஒரு அலங்கார வார்த்தை இல்லாமல், நாலே வரி. எழுதி முடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டார்.

கொட்டகைக்கு வந்த இரண்டு கான்ஸ்டபிள்களோடும் முதலாளியோடும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது, இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். "மறுபடியும் நீயா?" என்றார். அந்த அம்மா அட்டையை, படம் மேலே தெரிகிற மாதிரி, அவர் மேஜைமேல் வைத்தார். அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்தார்.